எலும்பில்லாத மாமன்

மே 3

கத்திரிக்காய்த் தலை முடிந்தது. பள்ளிக்கூடம் திறந்ததும் போடப்போகிற காய்கறி நாடகத்துக்குப் பொம்மைத் தலைகள் கேட்டிருக்கிறார்கள். பாகற்காய், பூசணி, முருங்கைக்காய் எல்லாம் பாக்கி. முருங்கைக்காய்க்கு எது தலை, எது கழுத்து என்று அந்த டீச்சரைத்தான் கேட்க வேண்டும். நல்லவேளை, ஃபோமுக்குப் பஞ்சமில்லை. என் வீட்டுக்காரர் ரத்தினசாமி காங்கேயத்தில் சோபா, மெத்தைக் கடை வைத்திருப்பதில் எனக்குக் கிடைத்த ஒரே சீதனம் வெட்டி மிச்சமாகிற ஃபோம் கட்டிகள்தான்.

சாயங்காலம் என் மாமியார் வந்து, தரையில் கிடந்த ஃபோம் பொடியைக் காலால் ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தார். அத்தை அப்படி ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தாலே விஷயம் பெரியது.

"முகைக்கு அஞ்சு வயசு முடியப்போவுது கண்ணு. இந்த வைகாசியிலயாச்சும் காதைக் குத்திப்போடோணும். உங்கண்ணங்கிட்டப் பேசு."

"நான் எதுக்குங்க அத்தை பேசோணும்? கோவிச்சுட்டுப் போனது அவரு."

"மாமன் மடியில உக்கார வெக்காம எங்கியாச்சும் காது குத்துவாங்களா?"

குத்த மாட்டார்கள். அதுதான் வினை. என் மகள் முகைக்கு இருக்கிற ஒரே தாய்மாமன் என் அண்ணன் தெய்வசிகாமணி. சங்ககிரியில் லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறை வைத்திருக்கிறார். நான்கு வருடமாகப் பேச்சில்லை. எங்கள் புதுவீட்டு விருந்தில் அவருக்குப் போட்ட இலையின் நுனி இடப்பக்கம் இல்லாமல் வலப்பக்கம் இருந்தது. பார்த்தார், எழுந்தார், கை நனைக்காமல் போய்விட்டார். நான் வாசல்வரை ஓடி, "இலையைத் திருப்பிப் போட்டா ஆச்சு, அதுக்கு மூஞ்சியத் திருப்போணுமுங்களா?" என்று கேட்டேன். கேட்டதில் என்ன தப்பு?

மே 5

அண்ணனுக்கு வாட்சப்பில் அழைப்பு அனுப்பினேன். தேதி 28, செல்லாண்டியம்மன் கோயில், கும்பிடுகிற கை ஒன்று. அதற்குமேல் என்ன வேண்டும்?

"தாய்மாமனை வெத்தலை பாக்குத் தட்டோட நேர்ல போயித்தான் கூப்பிடோணும்" என்று அத்தை தலையில் அடித்துக்கொண்டார். நான் போகமாட்டேன். காங்கேயத்துக்கும் சங்ககிரிக்கும் எவ்வளவு தூரமோ, சங்ககிரிக்கும் காங்கேயத்துக்கும் அதே தூரம்தான்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் அண்ணியிடமிருந்து குரல் பதிவு வந்தது. "உங்கண்ணன் சொல்லச் சொன்னாருங்க வளர்மதி. வாட்சப்ல கூப்பிட்டா வாட்சப்லயே வந்துக்கறாராம்." பின்னாலேயே அண்ணன் குரல்: "ஒரு கட்டை விரலையும் சேத்துப் போட்டு உடு."

கட்டை விரலும் வந்து சேர்ந்தது.

மே 6

பாகற்காய்க்கு வைத்திருந்த கட்டியில் மாமன் தலை செதுக்குவதென்று முடிவு.

அத்தை ஒப்புக்கொள்வார் என்று நான் நினைக்கவே இல்லை. அவரே வழி சொல்லிக் கொடுத்தார். அவருடைய சின்னம்மா வீட்டில் மாமன் துபாயில் மாட்டிக்கொண்டபோது, அவர் சட்டையை நாற்காலியில் விரித்து அதன்மேல் குழந்தையை உட்கார வைத்துக் காது குத்தினார்களாம். "சட்டையே மாமன்னு ஆச்சுன்னா, தலையும் இருந்தா இன்னும் விசேசந்தான்" என்றார். உப்புக்குச் சப்பாணியாக ஒரு மாமன். கோவிக்க மாட்டான், எழுந்து போக மாட்டான், இலை எந்தப் பக்கம் இருந்தாலும் அவனுக்கு ஒன்றுதான்.

மே 8

முதல் தலை.

கட்டியின் நடுவில் ஸ்கெட்ச் பேனாவால் கோடு போட்டு, ரொட்டி வெட்டுகிற பல் கத்தியால் நான்கு மூலையையும் சீவிவிட வேண்டும். பிறகு கத்தரிக்கோல்தான். கண்குழியை எடுத்தால் மூக்கு தானாக எழுந்து நிற்கும். ஃபோமைப் பிடித்து அமுக்கிக்கொண்டே வெட்டக்கூடாது. விட்டதும் உப்பிக்கொண்டு கன்னம் கோணலாகிவிடும். இதெல்லாம் எனக்குத் தூக்கத்தில்கூட வரும்.

ஆனால் இந்தத் தலை அழகாக வந்து தொலைத்தது. அத்தை சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இது கல்யாண மாப்பிள்ளையாட்ட இருக்குது. மாமன்னா மொகத்துல ஒரு கோவம் வேண்டாமா?" என்றார்.

அதற்குச் சிவப்புச் சாயம் அடித்துத் தக்காளி ஆக்கிவிட்டேன்.

மே 11

இரண்டாவது தலை பால்காரரைப் போலவே வந்துவிட்டது. காலையில் பால்காரர் சன்னல் வழியாக அதைப் பார்த்துவிட்டு, கேனைக் கீழே வைத்து, "எம்மேல ஏதாச்சும் கொறைங்களா?" என்று கேட்டார். ஒன்றும் இல்லை என்றேன். நாளையிலிருந்து தண்ணீர் கலக்க மாட்டேன் என்று அவராகவே சொல்லிவிட்டுப் போனார்.

மே 14

மூன்றாவது தலை. இதை அண்ணன் மாதிரி செய்யவில்லை. பொதுவான ஒரு மாமன். ஊருக்கு ஊர் இருக்கிற மாதிரி மாமன்.

அளவுக்காக மட்டும் அண்ணிக்குப் போன் போட்டேன். "பூசணிக்காய்த் தலைக்கு ஒரு அளவு வேணுங்கண்ணி. காதுலேர்ந்து காது வரைக்கும், நெத்தி அகலம், மூக்கு நீளம்." அண்ணன் மதியம் தூங்கும்போது அண்ணி டேப் வைத்து அளந்து அனுப்பினார். பூசணிக்காய்க்கு மூக்கு எதற்கு என்று கேட்கவில்லை. தங்கமான மனுஷி.

மூக்கு மட்டும் நான்கு தரம் பிடித்தது. வலப்பக்கம் ஒரு சின்ன மேடு வேண்டும். சின்ன வயதில் நான் தள்ளிவிட்டு அண்ணன் படியில் விழுந்ததில் வந்த மேடு. பொதுவான மாமன்களுக்கும் அங்கே மேடு இருக்கும். ஒரு தரம் ஆழமாக வெட்டிவிட்டேன். ஃபோமில் அது ஒரு சௌகரியம். அறுத்ததை ரப்பர் பசை தடவி ஒட்டிக்கொள்ளலாம். ஒட்டின கோடு தெரியும். தெரிந்தால் தெரியட்டும்.

முகை வந்து பார்த்தாள். அண்ணன் போனபோது அவளுக்கு ஒரு வயதுதான்.

"யாரும்மா இது?"

"மாமா."

"எதுக்கு முறைக்கறாரு?"

"அவருக்கு மூஞ்சியே அப்படித்தான்."

மே 17

உடம்பும் தயார். இரண்டு திண்டுத் தலையணை, ஒரு மெத்தைத் துண்டு, வீட்டுக்காரரின் வெள்ளைச் சட்டை, வேட்டி. பின்கழுத்தில் கை நுழைகிற ஓட்டை விட்டிருக்கிறேன். உள்ளே கையை விட்டு விரலை அசைத்தால் வாய் பேசும். தலையைக் கழற்றி மாட்டலாம்.

பசை காயட்டும் என்று தலையை மொட்டை மாடியில் வைத்ததுதான் முட்டாள்தனம். வைகாசி வெயிலில் ஃபோம் மஞ்சளாகிவிட்டது. அத்தை கொல்லைப்பக்கம் போய் ஒரு கைப்பிடி கீழாநெல்லி பறித்துவந்து, "அரைச்சு மோர்ல குடுத்தா..." என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார். கீழாநெல்லியைத் தானே குடித்துவிட்டார். மாமனுக்கு நான் மாநிறச் சாயம் அடித்தேன்.

இப்போது மாமன் கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். அத்தை அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் முந்தானையை இழுத்துவிட்டுக்கொள்கிறார். பக்கத்து வீட்டு வையாபுரி, மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், பேப்பர் படிக்க வந்தவர் மாமன் எதிரில் உட்கார்ந்து ஊர் நியாயம் உலக நியாயம் எல்லாம் பேசிவிட்டுப் போனார். போகும்போது என்னிடம், "நல்ல மனுசன்மா. நம்மளப் பேச உடறாரு" என்றார்.

மே 19

இன்று குழம்பு அடிப்பிடித்துவிட்டது. அடுப்பு சரியில்லை.

சமையலறையில் இருந்தேன். கூடத்தில் வீட்டுக்காரர் குரல் கேட்டது. முகையோடு பேசுகிறார் என்று நினைத்தேன். முகை என் காலடியில் இருந்தாள்.

"மச்சான், அன்னிக்கு அந்த எலைய நாந்தானுங்க போட்டேன். சமையக்காரன் இல்ல. எனக்கு எப்பவுமே எடது வலது கொழம்பிப்போவுமுங்க. போன மாசங்கூட ஒரு சோபாவுக்குக் கைப்பிடிய மாத்தி அடிச்சுட்டேன். அன்னிக்கே சொல்லியிருக்கோணும். அவ கத்துன கத்துல பயந்துட்டேனுங்க."

நான்கு வருடமாக அந்தச் சமையல்காரரை எந்த வீட்டு விசேஷத்துக்கும் கூப்பிடக்கூடாது என்று சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டுச் சொல்லி வைத்திருக்கிறேன். அந்த மனுஷன் பெருந்துறைப் பக்கம் புரோட்டாக் கடை வைத்துப் பிழைக்கிறாராம்.

கரண்டி கீழே விழுந்தது. கை வழுக்கல். சாப்பிடும்போது வீட்டுக்காரர் தட்டை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மே 22

இன்றைக்கு நடந்த கூத்தை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

காலையில் அத்தை வெற்றிலை, பாக்கு, பழம், பூ வைத்த தட்டை என் கையில் கொடுத்தார்.

"எதுக்குங்க?"

"மாமனைக் கூப்பிடோணுமில்ல."

"அதான் கூடத்துலயே உக்காந்திருக்குதே!"

"உக்காந்திருந்தா? கூப்பிடாம வந்தா அது மாமனுக்கு மருவாதியா? பொம்மைன்னாலும் மொறை மொறைதான். மொறை இல்லாட்டி அது வெறும் தலகாணி."

என்னால் அத்தையிடம் வாதாட முடியாது. அவர் சொல்வதில் எப்போதும் ஒரு கிறுக்கு நியாயம் இருக்கும். மாமன் முன்னால் தட்டை நீட்டிக்கொண்டு நின்றேன். வையாபுரி, அத்தையின் போனை வாங்கி வீடியோ எடுத்தார். சொல்ல வேண்டியது ஒரே ஒரு வரி. ஃபோம்தானே, சட்டென்று சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன்.

"அண்ணா, முகைக்குக் காது குத்தறமுங்க. நீங்க கட்டாயம் வரோணும்." அதோடு நிறுத்தியிருக்கலாம். "நீங்க வராம எப்படிங்கண்ணா? வீட்டுல நல்லது கெட்டது ஒண்ணுக்கும் ஆளில்லாமக் கெடக்குது. சாப்புட்டுக்கூட போவுல நீங்க" என்று வாய் தானாக நீண்டுகொண்டே போனது.

கண்ணில் ஃபோம் தூசி. இந்த வேலையில் அது சகஜம்.

மாமன் வழக்கம்போல முறைத்தார். அத்தை தட்டை வாங்கி அவர் மடியில் வைத்தார். தட்டு அப்படியே அமுங்கி உள்ளே போய்விட்டது.

மே 24

அத்தையின் போனிலிருந்து அந்த வீடியோ அண்ணிக்குப் போயிருக்கிறது. கை தவறிப் போய்விட்டதாம். கை தவறி வேறு யாருக்குமே போகவில்லை.

அண்ணி கூப்பிட்டார். "உங்கண்ணன் அதைப் போட்டுப் போட்டுப் பாக்கறாருங்க. மத்தியானமே பட்டறையச் சாத்திட்டு வந்துட்டாரு. 'பஞ்சுக்கு வெத்தலை வெக்கறா, எனக்கு வெக்க மாட்டாளாமா?'ன்னு ஒரே சத்தம். அப்பறம் கண்ணாடி முன்னால நின்னு மூக்கைத் தடவிட்டே இருந்தாரு."

"வர்றாருங்களா?"

"கூப்பிடாத வீட்டுக்கு எப்படி வருவேங்கறாரு."

நான் போனை வைத்துவிட்டேன். இனிமேல் தட்டைத் தூக்கிக்கொண்டு போனால் வீம்பு போய்விடும். அவர் வந்தால் அவர் வீம்பு போய்விடும். தானாடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பார்கள். தசை இருக்கிறவர்கள் எல்லாரும் கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கிறோம். ஃபோம்தான் காற்றில் லேசாக ஆடிக்கொண்டிருக்கிறது.

வந்தால் நன்றாக இருக்கும்.

மேலே உள்ள வரியை நாளைக்கு அடித்துவிட வேண்டும்.

மே 26

பூசணித் தலை முடிந்தது. முருங்கைக்காய்க்குத் தலையே வேண்டாம், தொப்பி போதும் என்று டீச்சர் சொல்லிவிட்டார். அண்ணன் வீட்டிலிருந்து போன் இல்லை.

மே 28

காது குத்தியாயிற்று. மொத்தம் எத்தனை காது என்று கேட்டால்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

காலையில் வேனில் முன்சீட்டு மாமனுக்கு. டிரைவர் அவராகவே பெல்ட்டை இழுத்து மாட்டிவிட்டார். கோயிலில் பூசாரி எல்லாருக்கும் திருநீறு கொடுத்துக்கொண்டு வந்தவர், மாமன் நெற்றியிலும் பூசிவிட்டுத்தான் யாரென்று பார்த்தார். பார்த்துவிட்டு அடுத்தவருக்குப் போய்விட்டார்.

அண்ணன் வந்திருந்தார். எங்களோடு இல்லை, எதிரே புளியமரத்தடியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பக்கத்தில் அண்ணி. அத்தை போய், "வாங்க தம்பி" என்றதற்கு, "நான் சாமி கும்பிட வந்தனுங்க. விசேசத்துக்கு வருல" என்று கோயில் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார். சாமி கும்பிட வந்தவர் கார் டிக்கியில் சீர்த்தட்டுகள் எதற்கு, பட்டுப்பாவாடை எதற்கு, குட்டியாக ஒரு சோடித் தோடு எதற்கு என்று நான் கேட்கவில்லை. மெலிந்திருந்தார். முன்நெற்றி ஏறிவிட்டது. நான் ஃபோமில் வைத்திருக்கிற முடி அதிகம்.

நேரம் போய்க்கொண்டிருந்தது. காது குத்துகிற ஆசாரி வெளியூர்க்காரர், எங்கள் வம்பு வழக்கு எதுவும் தெரியாதவர். மாமன் மடியில் முகையை உட்கார வைத்து, காதைப் பிடித்தார். முகை மெதுவாகக் கீழே இறங்கினாள். தூக்கி வைத்தார். மறுபடியும் இறங்கினாள். மெத்தைத் துண்டு அமுங்கி அமுங்கி, பிள்ளை இடுப்புவரை மாமனுக்குள் போய்விட்டாள்.

ஆசாரி ஊசியைக் கீழே வைத்தார். "இது ஆவாதுங்க. மடி அமுங்குது. ஊசி எக்குத்தப்பாப் போயிரும். எலும்பு இருக்கற மடியாக் கொண்டாங்க."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் தரையைப் பார்த்தேன். ஆசாரியே சுற்றிலும் பார்த்துவிட்டு மரத்தடியைக் காட்டினார். "அதா, அங்க நிக்கறாரே, அச்சசல் இந்தப் பொம்மையாட்டவே ஒருத்தரு. அவரைக் கூப்பிடுங்க."

"நான் ஒண்ணும் அதாட்ட இல்ல!" என்று அண்ணன் அங்கிருந்தே கத்தினார்.

"அதே மூக்குங்க" என்றார் ஆசாரி.

"எங்கய்யா அதே மூக்கு? இங்க பாரு, இங்க பாரு!" மூக்கைப் பிடித்துக் காட்டிக்கொண்டே விறுவிறுவென்று வந்தார். வந்த வேகத்தில் ஆசாரி பொம்மையை நாற்காலியிலிருந்து இறக்கி வைத்துவிட்டு, அவர் தோளை அமுக்கி அதில் உட்கார்த்தி, முகையைத் தூக்கி மடியில் வைத்துவிட்டார். தொழில் தெரிந்தவர்.

முகை வீல் என்று கத்தினாள். "இவரு வேண்டாம்! என்ற மாமாதான் வேணும்!"

அண்ணன் முகம் அப்படியே சுருங்கிப் போனதை நான் பார்த்தேன். இத்தனை பேர் நடுவில் ஒரு ஃபோம் தலையிடம் தோற்றுப்போய் உட்கார்ந்திருந்தார். நான் அந்தத் தலையைக் கழற்றி அவர் வலது கையில் மாட்டிவிட்டேன். அண்ணன் உள்ளே விரலை அசைத்துப் பார்த்தார். பொம்மையின் வாய் திறந்தது.

"பாப்பா" என்றது. "உங்கம்மாகிட்டச் சொல்லு. மூக்கைப் பெருசா வெச்சுட்டா."

முகை அழுகையை நிறுத்தி என்னைப் பார்த்தாள். நான் பொம்மையிடம் சொன்னேன்: "இருக்கறதுதானுங்க வரும்."

"இருக்கறதுல கொஞ்சம் கொறைச்சிருக்கலாமில்ல?"

"கொறைச்சா, அளவு சரியான்னு பாக்க ஆளு வந்திருக்கோணுமே."

"கூப்பிட்டாத்தான வருவாங்க?"

"கோவிக்காம இருந்தாத்தான கூப்பிடுவாங்க?"

வீட்டுக்காரர் நடுவில் புகுந்து, "அந்த எலைய நாந்தானுங்க..." என்று ஆரம்பித்தார். "அது தெரியும் போங்க மாப்பிள்ளை" என்று பொம்மை அவரை அடக்கியது. "போட்டத நான் பாத்துட்டுத்தான இருந்தேன்." அப்படியானால் எதற்குக் கோபம் என்று நான் கேட்கும்முன் ஆசாரி சந்தடிசாக்கில் முகையின் வலது காதில் ஊசியை ஏற்றிவிட்டார்.

அவள் போட்ட சத்தத்தில் மரத்துக் காக்கை எல்லாம் பறந்தது. இடது காதைக் கையால் பொத்திக்கொண்டாள். யார் சொன்னாலும் கையை எடுக்கவில்லை. "மாமாவுக்குக் குத்துங்க மொதல்ல!" என்றாள். ஆசாரி பொறுமைசாலி. ஃபோம் தலையின் காதில் ஒரு குத்து. தலை சும்மா இருந்தது. முகை அதையே உற்றுப் பார்த்தாள்.

"இது அழுகவே இல்ல. இது பொய் மாமா." பிறகு விரலை நீட்டி, "இந்த மாமாவுக்குக் குத்துங்க" என்றாள்.

எல்லாரும் சிரித்தார்கள். ஆசாரியும் விளையாட்டாக அண்ணன் காதுமடலைத் தொட்டுப் பார்த்தார். விரலால் உருட்டினார். சிரிப்பை நிறுத்திவிட்டார்.

"ஏனுங்க, உங்களுக்குக் காதே குத்துலையாட்ட இருக்குது?"

குத்தவில்லை. எங்கள் வீட்டில் யாரும் வாயைத் திறந்து சொல்வதில்லை. அண்ணனுக்குக் காது குத்துகிற அன்றைக்கு எங்கள் அம்மாவுடைய தம்பி, எங்கள் மாமன், வீட்டுக்கு வந்துவிட்டு எதற்கோ கோவித்துக்கொண்டு திரும்பிப் போய்விட்டார். எதற்கென்று இதுவரை யாருக்கும் தெரியாது. அவர் வரட்டும், வரட்டும் என்று அம்மா தள்ளித் தள்ளிப் போட்டாள். வரவே இல்லை. புதுச்சட்டை போட்டுக்கொண்டு அண்ணன் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார் என்று அம்மா ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கிறாள். அப்போது நான் பிறக்கவில்லை.

அண்ணன் ஃபோம் தலையைக் கையிலிருந்து கழற்றிக் கீழே வைத்தார். முகையைப் பார்த்தார்.

"நாங் குத்திக்கிட்டா நீயும் குத்திக்குவியா?"

"ம்."

"குத்துங்க ஆசாரி" என்றார். நாற்பத்தைந்தைத் தாண்டிய மனுஷன், மீசை நரைத்துவிட்டது. அண்ணி வாயைப் பொத்திக்கொண்டார். அத்தை மட்டும், "மாமன் மடி?" என்று மெல்லக் கேட்டார். கேட்டவுடனேயே நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"மடி வேண்டாமுங்க" என்றார் ஆசாரி. "தலை ஆடாம யாராச்சும் கெட்டியாப் புடிச்சுக்கிட்டாப் போதும்."

யாரும் என்னைக் கூப்பிடவில்லை. நானாகவே போனேன். அண்ணனுக்குப் பின்னால் நின்று இரண்டு கையாலும் அவர் தலையைப் பிடித்துக்கொண்டேன். இத்தனை நாள் வெட்டி, ஒட்டி, அளந்து வைத்திருந்த தலை. சூடாக இருந்தது. அந்தச் சூட்டை எந்த ஃபோமிலும் கொண்டுவர முடியாது. அவர் மடியில் இருந்த முகையை இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டு கண்ணை மூடினார். என் விரல் நனைந்தது.

"வலிக்குது அம்மணி" என்றார்.

நான்கு வருடத்தில் அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு. "பொறுத்துக்குங்கண்ணா, ஆச்சு, ஆச்சு" என்றேன்.

ஆசாரி இன்னும் ஊசியைக் கையில் எடுக்கவே இல்லை.